கனத்துப்போன கை

பண்ணையில் அவருக்குக் 'கால்பிடி' என்று பெயர். தீவன லாரி ஓட்டுகிற ஒருவர் வைத்த பெயர் அது. "உலகத்துல அவனவன் ஒரு தடவ ரெண்டு தடவ எவன் காலையாவது பிடிச்சு பெரிய ஆளாயிடறான். நீங்க இருபது வருஷமா பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க, இன்னும் ஸ்டூல்லயே உக்காந்திருக்கீங்களே" என்று டிரைவர் கேட்கப்போக, பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அவர் பிடித்ததெல்லாம் சேவல் கால். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை ஓடாது. குஞ்சு பொரிப்பதற்காகவே முட்டை எடுக்கிற பண்ணை அது. சேவல்களுக்கு ஒரு கொட்டகை, பெட்டைகளுக்கு எதிரே வேறு கொட்டகைகள். இரண்டும் ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது. சேவலிடமிருந்து விந்தைக் கையால் எடுத்து, ஆறுவதற்குள் கொண்டுபோய்ப் பெட்டைக்குச் செலுத்துவார்கள். கேட்டதும் சிரிப்பு வருகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள். விசேஷ வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரர் "என்ன வேலை பாக்கறீங்க" என்று கேட்டால் கால்பிடி "பண்ணையில" என்பதோடு வாயை மூடிக்கொள்வார். அவர் மனைவிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "சேவலுக்கும் பெட்டைக்கும் நடுவுல நாங்கதாங்க புரோக்கர்" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக அவளே சிரிப்பாள்.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சேவலின் நெஞ்சைத் தன் தொடைமேல் சாய்த்து, இரண்டு கால்களையும் பிடித்துக்கொள்வார். எதிரில் உட்கார்ந்தவர் முதுகிலிருந்து வால்வரைக்கும் மூன்று நான்கு தரம் தடவிக் கொடுப்பார். பழகிய சேவல் வாலைத் தூக்கும். அந்த நேரம் பார்த்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடியில் போய் ஒரு அழுத்து அழுத்தினால், கெட்டிப் பால் மாதிரி கொஞ்சம் வரும். அதைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஏந்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அழுத்து எல்லாருக்கும் வராது.

அவளுக்கு வந்தது. கால் பிடிப்பது இவர், தடவி எடுப்பது அவள். கல்யாணமான வருடமே இரண்டு பேரும் ஜோடியாகச் சேர்ந்த வேலை. புதுச் சேவல்கள் வந்து கொண்டை சிவக்கத் தொடங்கியதும் அவள் தினமும் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பழக்குவாள். கொஞ்ச நாளில் அவள் கை முதுகில் பட்டாலே வால் மேலே போகும். கடைசியாக அவள் பழக்கியது, கொட்டகையின் இடது பக்கமும் வலது பக்கமும் இரண்டு வரிசைச் சேவல்கள். ஒவ்வொன்றையும் ஏதாவது சொல்லித் திட்டாமல் கூண்டிலிருந்து எடுக்க மாட்டாள். ஒருவனுக்கு மாப்பிள்ளை முறுக்கு, ஒருவன் சோம்பேறி, இன்னொருவன் ஊர் மேய்கிறவன். கூண்டுக்குள் இருக்கிறவன் எந்த ஊரைப் போய் மேய்வான் என்று கால்பிடி கேட்டால், "பார்வையப் பாத்தா தெரியலையா" என்பாள்.

ஒரு நாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் வந்து விஷயத்தைச் சொன்னபோது கால்பிடி "சரிங்க" என்றார். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அழுதார்கள். இவர் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டார், நேரமாகிவிட்டதே கடைசி பஸ் இருக்குமா என்று கேட்டு அனுப்பிவைத்தார். கல்லுளிமங்கன் என்று மனைவி வழி உறவில் ஒரு அம்மா காதுபடவே சொன்னாள். அவருக்கு அதுவும் உறைக்கவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மச்சினன் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால்கூட அவரால் சொல்லியிருக்க முடியாது.

மறு வாரமே வேலைக்குப் போனார். சூப்பர்வைசர் அவரைத் தோளில் தட்டி, "அந்த எடத்துல நீங்களே உக்காருங்க. இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்து பாத்தவர், உங்களுக்குத் தெரியாததா" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். சமையல்காரர் பக்கத்தில் இருபது வருடம் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்தவன் சமைத்துவிடுவானா என்று யாரும் யோசிக்கவில்லை. கால்பிடியும் யோசிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். கால் பிடிக்க மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, அதே பண்ணையில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

இரண்டு மாதம் கழித்துப் பொரிப்பகத்திலிருந்து புகார் வந்தது. முட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கரு பிடித்த அடையாளமே இல்லாமல் பளிச்சென்று இருக்கிறதாம். ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை, தட்டுக்குத் தட்டு கூமுட்டை. தீவனத்தைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள், பெட்டைகளை ஒரு வாரம் குறை சொன்னார்கள். கடைசியில் சேவல் கொட்டகைக்கு வந்து நின்றது.

பண்ணையின் ஓரத்தில் ஒரு ஆய்வுக்கூடம் உண்டு. இரண்டு அறை, ஒரு ஃப்ரிட்ஜ், எந்நேரமும் சுழன்றுகொண்டிருக்கிற ஒரு இயந்திரம். அங்கே ஒரு டாக்டரம்மா. எந்தச் சேவல் தேறும், எது தேறாது என்பதை முட்டை பொரிகிறவரை காத்திருக்காமல் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் ஆராய்ச்சி. குழாய்களை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் கால்பிடியிடம் ஏதாவது பேசுவார். கால்பிடியின் மனைவி இருந்த காலத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்து நின்று கேட்பார்கள்.

"உயிரணு நல்லா நீந்துதான்னு மட்டும் பாத்தா பத்தாது. அது எந்தத் திரவத்துல நீந்துதோ, அதுல இருக்கற புரதமும் முக்கியம். சிலது உயிரணுவுக்குச் சாப்பாடு மாதிரி, சிலது காவல்காரன் மாதிரி. அது கொறஞ்சாலும் கஷ்டம், வேண்டாத புரதம் உள்ள வந்தாலும் கஷ்டம்" என்று ஒரு தரம் சொன்னார்.

"அப்ப மாப்பிள்ளை நல்லவனா இருந்தா மட்டும் போதாது, வீடும் நல்லா இருக்கணும்னு சொல்றீங்க" என்றாள் இவர் மனைவி. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த டாக்டரம்மாதான் இப்போது சேவல்களின் திரவத்தைச் சோதித்தார். தரம் கெட்டுவிட்டது, இந்த விந்தை நம்ப முடியாது என்று மேலே சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட நிர்வாகம் சேவல்களுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டியது. இரண்டு வரிசையையும் கழித்துவிட்டுப் புதுச் சேவல் இறக்குவது என்று ஏற்பாடு. இந்த வாரம் இடது வரிசை, அடுத்த வெள்ளிக்கிழமை வலது வரிசை. கழிப்பது என்றால் எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இடது வரிசையைக் கறிக்கடை லாரியில் ஏற்றியவர் கால்பிடிதான். காலைப் பிடித்துத் தூக்குவதில் அவரைவிடக் கைதேர்ந்த ஆள் யார் இருக்கிறார்கள். பழகிய ஆள் என்பதால் ஒன்றுகூடக் கத்தவில்லை. மாப்பிள்ளை முறுக்குக்காரனும் போனான், சோம்பேறியும் போனான். அவள் பழக்கிய சேவல்கள் ஆயிற்றே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. லாரி கிளம்பியதும் தொட்டியில் கை கழுவிக்கொண்டு டீ குடித்தார்.

அடுத்த புதன்கிழமை ஆய்வுக்கூடத்துக்குக் குழாய் கொண்டுபோனார். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெல் பலகையில் மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் எடைவாரியாகப் பிரிந்து, ஏணிப்படி மாதிரி நீலக் கோடுகளாக நிற்கும். பக்கம் பக்கமாகப் பல ஏணிகள், ஒவ்வொன்றும் ஒரு நாள் எடுத்தது. எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் தடியாக ஒரு கோடு, அப்பிவைத்த மாதிரி. ஒரே ஒரு ஏணியில் மட்டும் அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு இழை.

சும்மா நிற்கிறோமே என்று கேட்ட மாதிரிதான் கால்பிடி கேட்டார். "இது மட்டும் வேற கொட்டகையாம்மா?"

"இல்ல. உங்க வலது வரிசைதான். எல்லாமே அதேதான்." சொன்ன பிறகுதான் டாக்டரம்மாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது போலிருக்கிறது. படத்தைச் சட்டென்று சின்னதாக்கினார்.

"அது என்ன கோடும்மா, தடியா?"

"ரத்தத்துல நெறைய இருக்கற புரதம். விந்துல அவ்வளவு இருக்கக்கூடாது."

"பின்ன எப்படி வருது?"

டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "எடுக்கும்போது ரொம்ப அழுத்தினா பக்கத்துச் சதையிலேருந்து தெளிவா ஒரு நீர் கசியும். அது கலந்துடும்" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அந்த ஒண்ணு எப்ப எடுத்தது?"

"போன மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கால்பிடி வேலைக்கு வரவில்லை. மனைவியின் இறப்புச் சான்றிதழ் வாங்க அலுவலகத்தில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத் தடவி எடுத்தது மச்சினன், கால் பிடித்தது சூப்பர்வைசர். வேலைக்குப் புதியவன், பயந்து பயந்து பட்டும் படாமலும் எடுத்திருக்கிறான். கோடு மெல்லிசாக வந்திருக்கிறது. சேவல் அதே சேவல்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றார் டாக்டரம்மா. "உங்ககிட்ட வந்து சொல்ற தைரியம் எனக்கு இல்ல. கோழிய மாத்திக்கலாம், மனுஷன நோகடிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். தப்புதான்."

கால்பிடி "சரிங்க" என்றார். ஆஸ்பத்திரி நடையில் சொன்ன அதே சரிங்க.

மச்சினன் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான். கால்பிடி அவன் எதிரில் போய் நின்றார்.

"மச்சான், நான் கோழிய அழுத்திப் பிடிக்கிறேனா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மூடியைத் திரும்ப மாட்டினான்.

"கேக்கறேன்ல. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மாமா."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்தே. அதுங்க என் மடியில துடிக்கும். நீங்க பாக்கவே மாட்டீங்க. எங்கயோ பாத்துக்கிட்டு அமுக்குவீங்க."

"வாயத் தெச்சா வெச்சிருந்தே? லாரியில ஏத்தறப்பகூட பக்கத்துலதானே நின்னே."

"எப்படி மாமா சொல்றது. அக்கா போனதுலேருந்து நீங்க பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. இதுல உங்க கை சரியில்லன்னு வேற நான் வந்து சொல்லணுமா. கோழிதானே, போனா போகட்டும்னு சூப்பர்வைசரும் சொன்னாரு."

ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரே கூடிப் பூசி மெழுகி, பழியைத் தூக்கிச் சேவல் தலையில் போட்டிருக்கிறது. இரக்கம் என்று ஒன்று கிளம்பினால் அது என்னவெல்லாம் செய்யும் பாருங்கள். ஒரு வார்த்தை, 'அண்ணே, கொஞ்சம் மெதுவா' என்று ஒரு வார்த்தை சொல்ல இத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாயில்லாத பிராணி ஒரு வரிசை லாரி ஏறிவிட்டது.

அவர் மனைவி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லவும் செய்தாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தரம் இவரும் தடவிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கித் தடவப்போக, சேவல் அலறிய அலறலில் அவள் பளீரென்று இவர் கையிலேயே ஒரு அடி போட்டாள். "இது கையா இடுக்கியா? நீங்க காலப் பிடிங்க சாமி, அது போதும்." அதற்கப்புறமும் விட்டாளா. கதவை ஏன் உடைக்கிறீர்கள், டீ டம்ளரை ஏன் நசுக்குகிறீர்கள், சட்டையைத் துவைக்கிறீர்களா கொலை செய்கிறீர்களா என்று ஒரு நாளைக்கு நாலு தரமாவது வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்போதெல்லாம் எப்போதடா இவள் வாயை மூடுவாள் என்றிருக்கும். பக்கத்து மூட்டைமேல் போய் உட்கார்ந்தவருக்கு இப்போதுதான் தெரிந்தது, அவள் போன நாளிலிருந்து அவரை யாரும் முகத்துக்கு நேரே ஒரு சொல் திட்டவில்லை. எல்லாரும் அவரிடம் மெதுவாகப் பேசினார்கள். அந்த மெதுவான குரல்கள் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னத் திட்டுடா" என்றார் மச்சினனிடம்.

"மாமா, சாப்பிடுங்க மாமா" என்றான் அவன்.

சூப்பர்வைசரின் அறைக்குப் போனபோது அவர் வெள்ளிக்கிழமை லாரிக்குத்தான் போன் பேசிக்கொண்டிருந்தார். கால்பிடி போன் முடியும்வரை நின்றார்.

"சேவல் மேல குத்தம் இல்ல சார். என் கைதான். வேற கைய வெச்சு வலது வரிசைய ஒரு தடவ எடுத்துப் பாருங்க. அப்பவும் சரியில்லன்னா லாரிய விடுங்க."

"உக்காருங்க மொதல்ல. யாரு என்ன சொன்னா உங்ககிட்ட?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் சார் பிரச்சினையே."

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் மேஜையைத் தடவினார். "சேவல் நல்லதுன்னு ஆயிட்டா உங்கள அந்த எடத்துல உக்கார வெக்க முடியாது. யோசிச்சுக்கங்க. பேசாம இருந்தா புதுச் சேவல் வரும், புதுசா ஆரம்பிக்கலாம்."

"அவ பழக்கின கோழிங்க சார்" என்றார் கால்பிடி. "மிச்சம் இருக்கறதே அதுதான்." சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை லாரி வெளியில் கேட் பக்கம் நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். அதே நிறுவனத்தின் இன்னொரு பண்ணையிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்திருந்தார்கள். அந்தப் பண்ணையில் அவளுக்குக் 'கறார்' என்று பெயராம். ஒல்லி, ஐம்பது வயதிருக்கும், சேலையை வரிந்து கட்டி மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். கால்பிடியின் கதையை அவளிடம் சொல்லி வைக்க யாருக்கும் நினைவில்லை. வந்தவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். இடது பக்கம் முழுக்கக் காலிக் கூண்டுகள். வலது பக்கம் நிறைந்திருந்தது.

"யாரு கால் பிடிக்கறது?"

கால்பிடி கையைத் தூக்கினார். பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மச்சினன் முதல் சேவலைக் கொண்டுவந்து மடியில் விட்டான். ஊர் மேய்கிறவன். கால்பிடி கால்களைப் பிடித்தார். அவன் நெஞ்சு அவர் தொடையில் படபடவென்று அடித்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக முதுகில் கைபட்டாலே வலி என்று பழகிய பிராணி, உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்தது.

கறார் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். முதுகில் ஒரு தடவல். சேவல் அசையவில்லை. இன்னொன்று. டாக்டரம்மா கதவோரம் நின்றார். சூப்பர்வைசர் போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார். மூன்றாவது தடவலும் போய், வாலடியில் கை நின்று, திரும்ப முதுகுக்கு வந்தது.

"யாரோ இவன நல்லா பழக்கியிருக்காங்க. அப்புறம் யாரோ கெடுத்திருக்காங்க" என்றாள் கறார், யாரிடம் என்றில்லாமல்.

கால்பிடியின் தொடைமேல் அந்த நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாலாவதோ ஐந்தாவதோ தடவலில் வால் மேலே போனது. முழுசாக, விசிறி மாதிரி. கறாரின் இரண்டு விரல் அடியில் போய் வந்தது. அழுத்தினாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. குழாயின் அடியில் வெள்ளையாக வந்து உட்கார்ந்தது. கலங்கலில்லை, நீரில்லை. கெட்டியாக, சுத்தமான வெள்ளை.

டாக்டரம்மா கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சூப்பர்வைசர் வெளியே போய் லாரிக்காரரை எழுப்பினார்.

அப்போது கால்பிடிக்கு எதிர்வரிசை ஞாபகம் வந்தது. இவன் நல்லவன் என்றால் அவர்களும் நல்லவர்கள்தானே. மாப்பிள்ளை முறுக்குக்காரன் நல்லவன், சோம்பேறி நல்லவன், அத்தனை பேரையும் அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழக்கினாள், இவர் ஒரு மத்தியானத்தில் காலைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு டீ குடித்தார். அவள் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. இது தெரியாத விஷயமா என்ன, மூன்று மாதமாகத் தெரிந்ததுதான். இப்போதுதான் அது உள்ளே போய் இறங்கியது. கண்ணிலிருந்து கொட்டத் தொடங்கியது. இரண்டு கையிலும் சேவல் கால் இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. முகவாய் வழியாக இறங்கி, சேவல் முதுகில் ஒன்று விழுந்தது, இறகில் உருண்டது.

கறார் நிமிர்ந்து பார்த்தாள். குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அதன் வாயைக் கட்டைவிரலால் மூடினாள்.

"என்னய்யா மனுஷன் நீங்க, எத்தன வருஷமா இந்த வேலை பாக்கறீங்க? ஒரு துளி தண்ணி பட்டாலும் இதுல இருக்கற அத்தனையும் செத்துப்போகும். அழறதுன்னா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு அழுங்க."

மச்சினன் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தான். கால்பிடி வேண்டாம் என்று தலையை அசைத்தார். முகத்தை இடது பக்கம், காலிக் கூண்டுகள் இருந்த பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். கால்களைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. கறார் அடுத்த சேவலைக் கொண்டுவரச் சொன்னாள்.